அண்ணனுக்கு என்எஸ் லெட்டர் வந்துச்சு, எனக்கு ஏன் வராதுன்னு கேக்குறா பொண்ணு

ஈசூன்_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். இங்க வந்து படிச்சிட்டு சத்தம் காட்டாம போயிடுற ஆளு நான், இன்னிக்கு தான் மொத தடவையா எழுதுறேன், தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

விஷயம் இதான். பையன் போன மாசம் என்எஸ் (பையனுங்க எல்லாரும் செய்ய வேண்டிய ரெண்டு வருஷ கட்டாய தேசிய சேவை) டிரெய்னிங்குக்கு தேக்கோங் தீவுக்குப் போயிட்டான். நாங்க மாயவரம் பக்கத்துலேருந்து சிங்கப்பூர் வந்தவங்க, பையனுக்கு பிஆர் (நிரந்தரவாசி அந்தஸ்து) எடுக்கும்போதே தெரியும் இவன் என்எஸ் பண்ணி ஆகணும்னு (அப்பாவுக்கு கிடையாது, ரெண்டாவது தலைமுறை பையனுக்கு உண்டு, அதான் ரூல்), அதனால லெட்டர் வந்தப்போ அதிர்ச்சி ஒண்ணும் இல்ல. ஆனா அன்னிக்கு அவன் கூட தீவுக்குப் போய், குக்ஹவுஸ்ல அவங்க போட்ட சோத்த நாங்களும் சாப்பிட்டு, பிள்ளைங்க எல்லாம் வரிசையா நின்னு உறுதிமொழி எடுக்கிறத பாத்துட்டு திரும்பி வர்றப்போ ஃபெர்ரில நான் ஒரு வார்த்தை பேசல. மொத ரெண்டு வாரம் கழிச்சு புக் அவுட் ஆகி (லீவுல வெளிய விட்டு) வந்தான், தலை மொட்டை, நாத்தம் புடிச்ச துணி ஒரு மூட்டை, சோறு தின்னுட்டு பதினாலு மணி நேரம் தூங்கினான்.

பொண்ணுக்கு 16, செகண்டரி 4 படிக்கிறா, ஸ்கூல்ல என்சிசில இருக்கா, ஓட்டத்துல அவ பேட்ச்ல அவ தான் ஃபர்ஸ்ட். அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது கேக்குறா, "ம்மா, அண்ணன விட நான் வேகமா ஓடுவேன், அவனுக்கு லெட்டர் வந்துச்சு, எனக்கு ஏன் வராது?" அவங்கப்பா சிரிச்சிட்டு "தப்பிச்சோம்னு சந்தோஷப்படு"ன்னாரு. அவ மூஞ்சி சுருங்கிப் போச்சு. "தப்பிக்கிறதுக்கு நான் என்ன தப்பு பண்ணேன், என்னை கணக்குலயே எடுக்கலையே"ன்னு தட்ட எடுத்துக்கிட்டு எந்திரிச்சிட்டா.

எனக்கு அதுக்கு பதில் சொல்லத் தெரியல. உண்மையச் சொன்னா அவ போக வேண்டியதில்லங்கிறதுல எனக்கு உள்ளுக்குள்ள நிம்மதி தான், ஆனா அந்த நிம்மதிய நியாயம்னு சொல்ல முடியுமான்னு தெரியல. பொண்ணுங்கள சண்டை வேலைக்கு எடுக்கலாமா, கட்டாயமாவும் எடுக்கலாமா, நீங்க என்ன நினைக்கிறீங்க? ஆர்மில இருந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

—

பழைய_ரிசர்விஸ்ட்:

அக்கா, உங்க பொண்ணு கேட்டது கரெக்ட்டான கேள்வி. எனக்கு 38, என்எஸ் முடிச்ச பிறகும் ரிசர்வ் பயிற்சிக்கு இன்னும் கூப்பிட்டுக்கிட்டு தான் இருக்காங்க, வருஷத்துக்கு 40 நாள் வரைக்கும் கூப்பிடலாம்னு சட்டமே இருக்கு. என் கூட ஜேசில (ஜூனியர் காலேஜ், பிளஸ் டூ மாதிரி) படிச்ச பொண்ணுங்க யூனிவர்சிட்டி ரெண்டாவது வருஷம் முடிக்கும்போது நான் மொத வருஷம் சேர்றேன், அவங்க வேலைக்குப் போய் ரெண்டு வருஷ சம்பளம், ரெண்டு இன்க்ரிமெண்ட் வாங்கின பிறகு தான் நான் டை கட்டிக்கிட்டு இண்டர்வியூ போறேன். இத சொன்னா "அதான் என்எஸ் பண்ணா ஆம்பளை ஆகலாமே"ன்னு நக்கல் வரும். 1967ல என்எஸ் ஆரம்பிச்சதுலேருந்து இதே கதை.

ஆனா இன்னொரு விஷயம் வெளிய யாரும் ஒத்துக்க மாட்டாங்க. "பொண்ணுங்களுக்கு உடம்பு தாங்காது"ன்னு சொல்றாங்கல்ல, என் ரெண்டு வருஷத்துல பிஎம்டிய (ஆரம்ப அடிப்படைப் பயிற்சி) கழிச்சிட்டா மிச்சம் முழுக்க நான் ஒரு ஸ்டோர்ல உக்காந்து போர்வை எண்ணிக்கிட்டு இருந்தேன். சத்தியமா. எண்ணி எழுதி கையெழுத்து வாங்கி, அடுத்த வாரம் திரும்ப எண்ணணும். என் ஃப்ரெண்டு ஒருத்தன் டிரைவர், ஒருத்தன் கிளார்க், ஒருத்தன் மெடிக். ஆஸ்துமா இருக்கிற பையனையும் முதுகு வளைஞ்ச பையனையும் மெடிக்கல் பாத்து கிரேடு போட்டு அதுக்குத் தகுந்த வேலை குடுக்கிறாங்க, விட்டுட மாட்டாங்க. அப்போ 2.4 கிலோமீட்டர் என்னை விட வேகமா ஓடுற பொண்ணுக்கு போர்வை எண்ண உடம்பு தாங்காதா?

வேகமா ஓடுறதும் 24 கிலோமீட்டர் ரூட் மார்ச் சுமையோட நடக்கிறதும் வேற வேற தான், அத நான் இல்லைன்னு சொல்லல. எங்க செக்‌ஷன்ல ஒல்லியா ஒருத்தன் இருந்தான், 48 கிலோ தான் இருப்பான், கடைசி ரெண்டு கிலோமீட்டர் அவன் பேக்க நாங்க மாத்தி மாத்தி தூக்கினோம். அவன யாரும் "நீ பொண்ணு, வீட்டுக்குப் போ"ன்னு சொல்லல.

நார்வேல 2016லேருந்து பொண்ணுங்களையும் கட்டாய சேவைக்கு எடுக்கிறாங்க, ஸ்வீடன்ல அதே மாதிரி, டென்மார்க் கூட 2025 ஜூலைலேருந்து 18 வயசு ஆகுற பொண்ணுங்க பேரையும் குலுக்கல்ல போடுது. ஆனா அங்கெல்லாம் ஒரு வயசுக்காரங்க எல்லாரையும் வாரிட்டுப் போறதில்ல, தேவைக்கு ஒரு பங்கு தான் எடுப்பாங்க. நம்ம ஊர்ல எல்லா பையனும். அதனால அவங்க முறைய அப்படியே இங்க ஒட்ட முடியாது.

—

பரங்கிமலை_பொண்ணு:

ஆர்மில இருந்தவங்கன்னு கேட்டீங்க, அதான் வந்தேன். நான் திருநெல்வேலி, பரங்கிமலை ஓடிஏல (ராணுவ ஆபீசர்களுக்கான பயிற்சி அகாடமி) டிரெய்னிங் முடிச்சு 2008ல ஆபீசரா கமிஷன் ஆனேன், சிக்னல்ஸ், அதாவது தகவல் தொடர்பு பிரிவு. பத்து வருஷம் முடிச்சு வெளிய வந்துட்டேன், இப்ப பெங்களூர்ல.

மொத போஸ்டிங்ல போன உடனே ஜவான்ஸ் யாரும் என்கிட்ட நேரா பேசல, எல்லாம் சுபேதார் சாப் வழியா தான். அவரு எங்கப்பா வயசு. ஒரு வாரம் பாத்தேன். அப்புறம் ஒரு ராத்திரி, மழை, மலைல எங்கயோ லைன் கட் ஆயிடுச்சு, அத போய் தேடிப் பிடிச்சு ஜாயின்ட் போடணும், நான் கூடவே போனேன், கேபிள் டிரம்ம முதுகுல மாட்டிக்கிட்டு. வீரமெல்லாம் ஒண்ணும் இல்லங்க, டென்ட்ல உக்காந்து ரேடியோல "எங்க இருக்கீங்க எங்க இருக்கீங்க"ன்னு கேக்கிறது எனக்குப் பிடிக்கல, அவ்ளோ தான். விடியக்காலம் திரும்பி வந்தோம், டீ குடுத்தாங்க, அதுக்கப்புறம் சுபேதார் நடுவுல வர்றது நின்னு போச்சு.

இத எதுக்கு சொல்றேன்னா, எங்கள மாதிரி ஆளுங்களுக்கு பெர்மனன்ட் கமிஷன் (ஓய்வு வயசு வரைக்கும் ஆபீசர் வேலை) குடுக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்ல கவர்மென்ட் சைடுல சொன்ன காரணத்துல ஒண்ணு, ஜவான்ஸ் பெரும்பாலும் கிராமத்து ஆளுங்க, ஒரு பொம்பள கமாண்ட் பண்றத ஏத்துக்க மனசளவுல தயாரா இல்லைன்னு. படிச்சிட்டு எனக்கு எங்க பசங்கள நினைச்சு தான் கோவம் வந்துச்சு, அவங்க பேர்ல பழிய போட்டுட்டாங்களேன்னு. 2020 பிப்ரவரி 17ல தீர்ப்பு வந்துச்சு, அந்த வாதத்த கோர்ட் ஏத்துக்கல. நான் அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே கிளம்பிட்டேன். பதினாலு வருஷம் வரைக்கும் நீட்டிச்சிருக்கலாம், ஆனா பென்ஷனுக்கு 20 வருஷம் வேணும், அந்த வழியே அப்ப எங்க பிராஞ்ச்ல பொண்ணுங்களுக்குக் கிடையாது, அப்புறம் எதுக்குன்னு வந்துட்டேன்.

இப்ப நிலைமை மாறியிருக்கு. ஏர்ஃபோர்ஸ்ல 2016லேருந்து மூணு பொண்ணுங்க ஃபைட்டர்ல ஆரம்பிச்சாங்க. 2023ல ஓடிஏலேருந்து அஞ்சு பேர் ஆர்ட்டிலரிக்கு (பீரங்கிப் படை) போனாங்க. என்டிஏல (தேசிய பாதுகாப்பு அகாடமி) 2022ல சேர்ந்த மொத பொண்ணுங்க பேட்ச், 17 பேர், 2025 மே கடைசில பாஸ் அவுட் ஆனாங்க. இன்ஃபன்ட்ரியும் (காலாட்படை) டேங்க்கும் இன்னும் மூடித்தான் இருக்கு.

என் கருத்து கேட்டா, வேலைக்கு ஒரு டெஸ்ட் வையுங்க, ஒரே டெஸ்ட், இந்த குண்ட தூக்கி இத்தன நொடில லோட் பண்ணணும்னா ஆணோ பொண்ணோ பண்ணணும். என் பேட்ச்ல இருந்த பொண்ணுங்கள்ல பாதிப் பேருக்கு மேல இன்ஃபன்ட்ரி டெஸ்ட் வச்சா தேறமாட்டோம், நானும் தேறமாட்டேன், அதுல எனக்கு வெக்கம் இல்ல. தேறுற நாலு பேர எதுக்கு வாசல்லயே நிறுத்தணும்ங்கிறது தான் கேள்வி. போஸ்டர்ல போட ஒரு மூஞ்சி வேணும்னு டெஸ்ட்ட தளர்த்தி உள்ள எடுக்கிறதுக்கு நான் எதிரி, ஏன்னா அடுத்த நாள் நிஜமா தேறி வந்தவளையும் "நீ கோட்டாவா"ன்னு கேப்பான்.

கட்டாயம்ங்கிறது வேற. இந்தியால ஆம்பளைக்கே கட்டாயம் கிடையாது, அதனால எனக்கு அத பத்தி அனுபவம் இல்ல.

—

வெட்டிப்பேச்சு_வேலு:

எல்லாம் கேக்க நல்லா இருக்கு. எதிரிகிட்ட கைதியா மாட்டினா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? வீட்டுப் பொண்ண அனுப்பிட்டு இங்க யாரு தூங்குவா? பையன் அடிபட்டா வலி, பொண்ணு மாட்டினா மானம். இது தான் நிஜம், மத்ததெல்லாம் மேடைப் பேச்சு.

—

பரங்கிமலை_பொண்ணு:

வேலு அண்ணே, கைதியா மாட்டினா ஆம்பளைக்கு மாலை போடுறாங்களா? உங்க பேச்சுல பையன் செத்தா பரவால்ல, பொண்ணுக்கு ஏதாவது ஆனா உங்க மானம் போயிடும்னு இருக்கு. ரெண்டு பேரையும் மதிக்கல நீங்க. சண்டை வந்தா துப்பாக்கி இல்லாம வீட்டுக்குள்ள இருந்த பொண்ணுங்களுக்கு என்ன ஆச்சுன்னு எந்த ஊர் சரித்திரத்தையும் எடுத்துப் பாருங்க.

பின்னாடி வேலைன்னா பாதுகாப்புன்னு நினைக்கிறதும் அப்படித் தான். 2023 அக்டோபர் 7ல காஸா எல்லைல இஸ்ரேல் முகாம் ஒண்ணுல திரைய பாத்துக்கிட்டு கண்காணிப்பு வேலை செஞ்ச சின்ன வயசுப் பொண்ணுங்க, கைல துப்பாக்கி கூட இல்லாதவங்க, சண்டை பிரிவுல இல்லாதவங்க, அவங்கள்ல நிறைய பேர் செத்தாங்க, சிலர கடத்திட்டுப் போனாங்க. அங்க என்னமோ நடக்குதுன்னு முன்னாடியே சொன்னதும் அவங்க தான், மேல இருந்தவங்க காதுல வாங்கல. யுத்தத்துல யாரு முன்னாடி யாரு பின்னாடின்னு கோடு போட்டு வைக்க முடியாதுங்க.

—

கிள்ளான்_காரி:

இந்த திரெட்ல மலேசியா ஆளு யாரும் பேசலையே லா. எங்களுக்கு இது நடந்து முடிஞ்ச கதை. பிஎல்கேஎன்னு (தேசிய சேவைப் பயிற்சி) 2004ல ஆரம்பிச்சாங்க, 18 வயசுக்காரங்க பேர கம்ப்யூட்டர் குலுக்கி எடுக்கும், ஆணும் பெண்ணும் ரெண்டும் தான், பேர் வந்தா மூணு மாசம் கேம்ப். எனக்கு 2006ல வந்துச்சு. எங்கம்மா அழுத அழுகை, கல்யாணத்துக்குக் கூட அப்படி அழல. முழு மிலிட்டரி கிடையாது, ஆனா எம்16 பிடிச்சு சுட்டேன், காலைல இருட்டுல எந்திரிச்சு ஓடினேன், சீன பொண்ணு ஒருத்தி மலாய் பொண்ணு ஒருத்தி ரெண்டு பேரும் இன்னிக்கு வரைக்கும் என் ஃப்ரெண்டு. நல்லதா கெட்டதான்னு கேட்டா பாதிப் பாதி. போக மாட்டேன்னு அழுதவ நான், முடியும்போது திரும்பி வர அழுதேன். ஆனா மூணு மாசம் வேற, ரெண்டு வருஷம் வேற மா. 2018ல நிறுத்திட்டாங்க, இப்ப 2025ல சின்னதா திரும்ப கொண்டு வந்திருக்காங்க.

இன்னொண்ணு சொல்லணும், சிங்கப்பூர் தங்கச்சி, உங்க பொண்ண ஒரு நாள் வாட்டர்லூ ஸ்ட்ரீட் கூட்டிட்டுப் போங்க. 1943 அக்டோபர்ல நேதாஜியோட ஜான்சி ராணி படை கேம்ப் அங்க தான் திறந்தாங்க. கேப்டன் லட்சுமி மெட்ராஸ் டாக்டரம்மா, அவங்க பேர் எல்லாருக்கும் தெரியும், ஆனா அந்தப் படைல சேர்ந்த பொண்ணுங்கள்ல பெரும்பாலும் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பொண்ணுங்க. எங்க பாட்டியோட அத்தை ஒருத்தவங்க போனாங்க, பால் மரம் வெட்டிக்கிட்டு (ரப்பர் பால் எடுக்க மரத்த கீறுற வேலை) இருந்தவங்க, இந்தியாவையே பாத்தது கிடையாது. முடிய வெட்டிக்கிட்டு கால்சட்டை போட்டுக்கிட்டு நிக்கிற போட்டோ ஒண்ணு எங்க வீட்டுல இருந்துச்சு. பாட்டி சொல்லுவாங்க, அத்தை பர்மா வரைக்கும் போய் சண்டை போட விடாமலே திருப்பி அனுப்பிட்டாங்கன்னு சாகுற வரைக்கும் குறைப்பட்டாங்களாம், யுத்தத்த பத்தி வேற எந்தக் குறையும் கிடையாது. திரும்பி வந்து மறுபடி அதே தோட்டத்துல அதே மரம் தான் வெட்டினாங்க.

—

முறிகண்டி_பிள்ளை:

நான் இப்ப டொராண்டோவில. எழுதலாமோ வேண்டாமோ எண்டு ரெண்டு நாள் யோசிச்சனான்.

பொம்பிளையளால சண்டை பிடிக்க ஏலுமோ எண்ட கேள்வி எங்களுக்கு எப்பவோ முடிஞ்சு போச்சு. 1987 அக்டோபர் 10 கோப்பாயில மாலதி செத்தவ, புலியளில சண்டையில செத்த முதல் பெண் போராளி அவ. அதுக்குப் பிறகு இருபது வருசத்துக்கு மேல பெட்டையள் காவலுக்கு நிண்டவை, முன்வரிசையில நிண்டவை, கடலில போனவை. எங்கட பக்கத்திலயும் மற்றப் பக்கத்திலயும் ஒருத்தரும் அவையால ஏலாது எண்டு கதைச்சதா எனக்கு ஞாபகம் இல்லை. முதல் போனவையில கனபேர் விரும்பித்தான் போனவை, வீட்டில சீதனம், கல்யாணம் எண்டு இருந்ததைவிட அது பெரிசா தெரிஞ்சிருக்கும், நான் அதைக் குறை சொல்ல மாட்டன்.

பிறகு கட்டாயம் வந்தது. வீட்டுக்கு ஒராள். என்ர மாமி வீட்டில ஒரு மகளும் ஒரு மகனும், மகன் சின்னவன். மச்சாளுக்கு 19. தம்பியைக் கேட்டு வர முன்னம் நானே போறன் எண்டு போனவ. அவவை ஒருத்தரும் ஏலுமோ எண்டு கேக்கேல்லை, விருப்பமோ எண்டும் கேக்கேல்லை. ஆம்பிளைப் பிள்ளையளைக் கொண்டு போனமாதிரியே கொண்டு போனவை. சமத்துவம் எண்டால் அது தான் சமத்துவம்.

2009க்குப் பிறகு புனர்வாழ்வு முகாமில இருந்திட்டு வந்தவ, காலில இன்னும் குண்டுத் துண்டு இருக்கு. மாப்பிள்ளை பாக்கப் போனா "முன்னாள்" எண்ட சொல்லு முதல்ல வந்து நிக்கும். கோயிலில, வேலை கேக்கப் போற இடத்தில, எங்கட ஆக்களே தான். துவக்கு தூக்கேக்க தங்கச்சி எண்டவை, இறக்கி வச்சாப் பிறகு பின்னால போய் நில்லு எண்டிச்சினம்.

சிங்கப்பூர் அக்கா, உங்கட நாடு வேற, உங்கட ஆமி வேற, சண்டை இல்லாத ஆமி, எனக்கு விளங்குது. உங்கட மகள் கேட்டதில பிழை இல்லை. ஆனா கூப்பிடேல்லை எண்டு கவலைப்படுற பிள்ளைக்கு, கூப்பிட வந்தால் எப்பிடி இருக்கும் எண்டும் ஒராள் சொல்ல வேணும் எண்டு தான் எழுதினனான்.

—

பழைய_ரிசர்விஸ்ட்:

மேல இருக்கிறத படிச்சிட்டு என் இன்க்ரிமெண்ட் கணக்க எடுத்துடலாமான்னு தோணுச்சு. விட்டுட்டேன், அதுவும் உண்மை தானே.

அக்காவுக்கு ஒரு தகவல். 2022ல நாடாளுமன்றத்துல இத கேட்டாங்க. அப்போ தற்காப்பு அமைச்சரா இருந்த டாக்டர் இங் எங் ஹென் சொன்னது, பொண்ணுங்கள என்எஸ்க்கு எடுத்தா சமுதாயத்துக்கு ஆகுற செலவு கிடைக்கிற நன்மைய விட ரொம்ப அதிகம், அவங்க வேலைக்குப் போறது தள்ளிப் போகும், குடும்ப வருமானம் குறையும்னு. எனக்கு சிரிப்பு வந்துச்சு, பையன் வேலைக்குப் போறது தள்ளிப் போனா வருமானம் குறையாதா? ஆனா அவர் சொன்னதோட அடி இதான்: "நியாயமா"ன்னு அவங்க பாக்கல, "தேவையா"ன்னு பாக்கிறாங்க. குழந்தை பிறப்பு விகிதம் 2023ல 0.97க்கு வந்துடுச்சு. ஆள் குறையக் குறைய பதிலும் மாறலாம், அன்னிக்கு நியாயத்த பத்திப் பேச ஆரம்பிப்பாங்க பாருங்க.

நடுவுல சிலர் பொண்ணுங்கள ஆஸ்பத்திரி, முதியோர் பராமரிப்புன்னு அந்த மாதிரி என்எஸ் பண்ண வைக்கலாம்னு கிளம்பினாங்க. என் மனைவி அத படிச்சிட்டு, படுத்த படுக்கையா இருக்கிற எங்கம்மாவுக்கு டயப்பர் மாத்திக்கிட்டே சொன்னா, "ஆமா, இனிமே தான் ஆரம்பிக்கணும்"னு.

—

ஈசூன்_அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இவ்ளோ பேர் எழுதுவீங்கன்னு நினைக்கல. முறிகண்டிம்மா, உங்க பதில நான் அடுக்களைல நின்னு படிச்சேன், குழம்பு அடி பிடிச்சிடுச்சு. உங்க மச்சாள் நல்லா இருக்கணும்.

பொண்ணுகிட்ட எல்லாத்தையும் காட்டினேன். வேலு அண்ணன் எழுதினத படிச்சிட்டு அவ சொன்னத இங்க எழுத முடியாது. டொராண்டோ ஆன்ட்டி எழுதினத ரெண்டு தடவ படிச்சா. ரொம்ப நேரம் பேசல. அப்புறம் "அந்த அக்கா தம்பிக்காக போனாங்களாம்மா"ன்னு மட்டும் கேட்டா. ஆமான்னேன். எங்க வீட்டுல தலைகீழா நடக்குதே, அண்ணன் போறான், இவ வீட்டுல இருக்கான்னு அவளுக்குத் தோணியிருக்கும்னு நினைக்கிறேன், நான் கேக்கல.

சனிக்கிழமை பையன் புக் அவுட் ஆகி வந்தான். இவ போய் அவன்கிட்ட "நீ தூக்குற பேக் எவ்ளோ வெயிட்"னு ஆரம்பிச்சா. அவன் ஒண்ணும் சொல்லாம அவனோட பழைய ஸ்கூல் பேக்ல நான் வாங்கி வச்சிருந்த அஞ்சு கிலோ பொன்னி அரிசி மூட்டை நாலையும் போட்டு ஜிப்ப இழுத்து அவ முதுகுல மாட்டி விட்டான். நாங்க பன்னெண்டாவது மாடி. கீழ இறக்கிக் கூட்டிட்டுப் போய் படில ஏறி வான்னுட்டான். அவங்கப்பா லிஃப்ட்டுக்குப் பக்கத்துலயே நின்னுக்கிட்டு "போதும் போதும்"னு ஒவ்வொரு மாடிலயும் லிஃப்ட்ல ஏறி ஏறிப் பாத்துக்கிட்டு வந்தாரு, அத பாத்து தான் எனக்கு சிரிப்பு.

ஒம்பதாவது மாடில ஒரு தடவ உக்காந்தா. அண்ணன் பேக்க வாங்கக் கைய நீட்டினான், குடுக்கல. அப்புறம் எந்திரிச்சு வந்து சேர்ந்துட்டா. மூஞ்சி எல்லாம் செவந்து போச்சு, தோள்ல பட்டை அழுந்தின கோடு. அவன் தண்ணி குடுத்துட்டு "இதோட 24 கிலோமீட்டர்"னான். அவ "மழை பெஞ்சா?"ன்னு கேட்டா. "மழை பெஞ்சாலும்"னான். அதுக்கப்புறம் ரெண்டும் ரூமுக்குள்ள போய் ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்துச்சுங்க, அவன் தூங்கவே இல்ல அன்னிக்கு.

இப்ப அவளுக்கு வேற கேள்வி வந்திருக்கு. பொண்ணுங்க சேர எஸ்ஏஎஃப் (சிங்கப்பூர் ராணுவம்) வாலண்டியர் கோர்னு ஒண்ணு இருக்காம், 18 வயசு ஆகணுமாம், ரெண்டு வருஷம் இருக்கு. அதுல யாராவது இருந்திருந்தா சொல்லுங்க. அவங்கப்பாகிட்ட இன்னும் சொல்லல.